வாசிக்கத் தெரிகிறது, கேட்டால் பதில் வரவில்லை

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனைப் பற்றி ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பையனுக்கு 12 வயது. ஆரம்பத்திலிருந்தே ஆங்கில வழிக் கல்வி. வீட்டில் பேசுவது தமிழ். ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் தடுமாறாமல் வாசிப்பான், உச்சரிப்பும் நன்றாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் அவனைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார்களாம். ஆனால் தேர்வில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் காம்ப்ரிஹென்ஷன் பகுதியில் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. யார், எங்கே, எப்போது என்றால் எழுதிவிடுகிறான். ஏன், எப்படித் தெரிகிறது என்றால் பத்தியிலிருந்து இரண்டு வரியை அப்படியே எடுத்து எழுதுகிறான், இல்லாவிட்டால் இடத்தைக் காலியாக விடுகிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது.

"பயிற்சிப் புத்தகம் வாங்கி ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி ஒரு பத்தி செய்ய வைக்கிறேன். பின்பக்க விடையைப் பார்த்து நானே திருத்துகிறேன். முன்னேற்றமே இல்லை. இப்போது அந்தப் புத்தகத்தை எடுத்தாலே கண் கலங்குகிறான். ட்யூஷன் ஆசிரியர் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார், தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். என் கணவர், 'இவ்வளவு அழகாக வாசிக்கிறவனுக்குப் புரியாமலா இருக்கும்? அக்கறை இல்லை' என்கிறார். நாத்தனார் இது டிஸ்லெக்ஸியாவாக (சொற்களை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம் என்கிறார். பேசாமல் தமிழ் வழிக்கு மாற்றிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எனக்கே ஆங்கிலம் அரைகுறைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அழகாக வாசிப்பதும் பொருள் புரியாமல் இருப்பதும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்க முடியும். அதில் அக்கறையின்மை எதுவும் இல்லை. 1986-இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்கும் திறன் ஒன்று, சொல்லப்படும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கி வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். பெருக்கல் என்பதால் முதலாவது எவ்வளவு உயர்ந்தாலும் இரண்டாவது தாழ்ந்திருந்தால் விடையும் தாழ்ந்துதான் இருக்கும். உங்கள் மகனிடம் முதலாவது நன்றாக இருக்கிறது. எல்லோருடைய கண்ணுக்கும் தெரிவது அதுதான்.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜேன் ஓக்ஹில். வகுப்பில் இவர்கள் மீது யாருக்கும் சந்தேகமே வராது. தடுக்கித் தடுக்கி வாசிக்கும் பிள்ளையை ஆசிரியர் உடனே கவனிக்கிறார். சரளமாக வாசிப்பவனைப் பாராட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விடுகிறார். கீழ் வகுப்புகளில் பத்திகள் சின்னவை, பெரும்பாலும் கதைகள், சொற்களும் பழகியவை. அதனால் பிழைத்துக்கொள்ள முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் பாடங்களின் தன்மையே மாறுகிறது. நீண்ட வாக்கியங்கள், காரணமும் விளைவும் பின்னிக் கிடக்கும் பத்திகள், நேரில் பார்த்திராத விஷயங்கள். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் மதிப்பெண் அதே சமயத்தில் இறங்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் பாடங்களும் ஆங்கில வாசிப்புதானே.

சரி, புரியாமலேயே எப்படி அவனால் சில கேள்விகளுக்காவது பதில் எழுத முடிகிறது? இதைக் கணவரிடம் வாசித்துக் காட்டுங்கள்:

"மிளுவன் தன் கறுபையைத் தொவித்துக்கொண்டு நெடும்பிக்கு விரைந்தான். நெடும்பியில் ஏற்கெனவே மூன்று சலவர்கள் பிணுத்துக் கிடந்ததால் அவன் கறுபையைக் குலுவிவிட்டான்."

மிளுவன் எங்கே விரைந்தான்? நெடும்பிக்கு. அங்கே எத்தனை சலவர்கள்? மூன்று பேர். ஏன் கறுபையைக் குலுவினான்? சலவர்கள் பிணுத்துக் கிடந்ததால். மூன்றுக்கும் முழு மதிப்பெண். ஆனால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சொற்கள் நான் இட்டுக்கட்டியவை. நாலாவதாக, "மிளுவன் செய்தது சரியா?" என்று கேட்டால் நாமும் பத்தியிலிருந்து இரண்டு வரியை எடுத்து எழுதத்தான் செய்வோம். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி இருப்பதை எடுத்து எழுதுவது: உங்கள் மகன் இந்த வித்தையை நன்றாகக் கற்றிருக்கிறான். தினமும் ஒரு பத்தி செய்யச் செய்ய இந்த வித்தைதான் கூர்மையாகிறது.

இதனால்தான் ஆறு மாத உழைப்பும் பலன் தரவில்லை. உங்கள் மீது தவறே இல்லை. பள்ளிகளிலும் இதுதான் நடக்கிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் டொலோரெஸ் டர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்பு அறைகளில் உட்கார்ந்து, வாசிப்பு வகுப்பில் நேரம் எப்படிப் போகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்தார். புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கச் செலவான நேரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேள்வி கேட்டுப் பதில் சரியா தவறா என்று பார்ப்பதில்தான் நிறைய நேரம் போயிருந்தது. பத்தி, கேள்வி, விடை, மதிப்பெண் என்பது சோதனை. தெர்மாமீட்டரைத் தினமும் வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது. அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். அவனிடமும் சொல்லிவிடுங்கள், "இது உனக்குச் சரிப்படவில்லை, வேறு மாதிரி செய்வோம்" என்று. அந்த ஒரு வார்த்தையிலேயே அவனுக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

முதலில் எங்கே சிக்கல் என்று பாருங்கள்

சிகிச்சைக்கு முன்னால் மூன்று சின்னச் சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே நாளில் வேண்டாம். மூன்றுக்கும் வெவ்வேறு பத்தி, ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்தாறு கேள்விகள். அவற்றில் பாதியாவது ஏன், எதனால் என்ற வகையாக இருக்கட்டும்.

முதல் நாள், தமிழில் ஒரு பக்கக் கதையோ கட்டுரையோ நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவன் கேட்டால் போதும். பிறகு தமிழிலேயே கேள்வி கேளுங்கள். இரண்டாவது, ஓர் ஆங்கிலப் பத்தியை யாராவது நிதானமாக வாசித்துக் காட்டட்டும். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் கணவர் வாசிக்கலாம், கைபேசியில் பதிவு செய்தும் போடலாம். கேள்வி தமிழில் இருக்கட்டும், பதிலையும் அவன் தமிழிலேயே சொல்லட்டும். மூன்றாவது, ஓர் ஆங்கிலப் பத்தியை அவனே மனதுக்குள், சத்தமில்லாமல் வாசித்துவிட்டுத் தமிழில் பதில் சொல்லட்டும். மனதுக்குள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்தமாக வாசிக்கும்போது பிள்ளைகளின் கவனம் உச்சரிப்பிலும், கேட்பவர் முகத்திலும் போய்விடுகிறது. வாசித்து முடித்தபின் பொருளைக் கேட்டால் அவன் விழிப்பதில் வியப்பில்லை.

மூன்றிலும் எழுதச் சொல்லாதீர்கள். எழுதுவது தனித் திறமை. அதையும் இதில் கலந்தால் எது குறை என்றே தெரியாது. பத்தி புரிந்திருந்தும் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்க வராததால் வரிகளைப் பார்த்து எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்தியைப் படித்துவிட்டுத் தமிழில் சரியாகச் சொல்கிறான், ஆங்கிலத்தில் எழுதத்தான் முடியவில்லை என்றால் அவனுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. காம்ப்ரிஹென்ஷன் என்று நீங்கள் பயந்ததெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும்.

தமிழில் கேட்டே ஏன் என்ற கேள்விகளுக்குத் தடுமாறினால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, கேட்டதை மனதில் கோத்து வைப்பது, கவனம் ஆகியவற்றில் இருக்கலாம். அப்போது ஒரு பேச்சு-மொழி வல்லுநரையோ கல்வி உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. தமிழில் சரளமாகச் சொல்லி, ஆங்கிலத்தில் கேட்டபோது தடுமாறினால் ஆங்கிலச் சொற்களும் வாக்கிய அமைப்பும் போதவில்லை என்று பொருள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது இது. ஆங்கிலத்தில் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் மட்டும் புரியவில்லை என்றால் வாசிப்பதற்கே நிறைய உழைப்பு போகிறது என்று அர்த்தம். கண் பரிசோதனையையும், கீழே சொல்லப்போகும் டிஸ்லெக்ஸியா பரிசோதனையையும் யோசிக்க வேண்டியது அப்போதுதான்.

கடிதத்தை வைத்து என் ஊகம் ஆங்கிலச் சொற்களும் வாக்கிய அமைப்பும் போதாத இரண்டாவது வகை, கூடவே ஊகித்துப் புரிந்துகொள்வதிலும் கொஞ்சம் பின்தங்கல். ஆனால் சோதனை வேறு மாதிரி சொன்னால் என் ஊகத்தைத் தள்ளிவிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது

ஒரு பத்திக்கு ஒரு ராத்திரி என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒரு பத்திக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும்.

பத்தி இப்படி ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "மீனா டுக் த அம்ப்ரெல்லா அண்ட் ஓபன்ட் த டோர். ஷி லுக்ட் அப், ஸ்மைல்ட், அண்ட் புட் இட் பேக்." எல்லாமே தெரிந்த சொற்கள். ஏன் திரும்ப வைத்தாள் என்று கேளுங்கள். "அது பத்தியில் இல்லையே" என்பான். உண்மைதான், இல்லை. விடையைச் சொல்லிவிடாமல் கேள்வியை உடையுங்கள். எதைத் திரும்ப வைத்தாள்? 'இட்' என்பது எது, கதவா குடையா? எங்கே நிமிர்ந்து பார்த்தாள்? வெளியே நிமிர்ந்தால் என்ன தெரியும்? குடையை எதற்காக எடுத்திருப்பாள்? இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் முகம் மலர்ந்து, "மழை நின்னுடுச்சு!" என்பார்கள். உடனே அடுத்த கேள்வி: "எந்தெந்தச் சொல்லை வைத்துச் சொன்னே?" நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள், திரும்ப வைத்தாள் என்று அவன் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பத்தியில் எழுதாத ஒன்றையும் பத்தியை வைத்தே சொல்லலாம் என்று அவனுக்கு இதுவரை யாரும் காட்டித் தரவில்லை. காலியாக விட்ட இடங்களில் பல அதனால்தான் காலியாக இருக்கின்றன.

கவனித்தீர்களா, இந்த உரையாடலில் நீங்கள் ஆங்கிலம் பேசவே இல்லை. "நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்டீர்களே, இதுதான் ஆகும். ஆங்கிலம் அரைகுறை என்பது இங்கே ஒருவிதத்தில் வசதிகூட. "எனக்கு இந்த வரி புரியலையே, நீ சொல்லேன்" என்று நீங்கள் கேட்டால் அது நடிப்பாக இருக்காது. உங்களுக்கு விளக்கிச் சொல்வதற்காக அவன் அந்த வரியை மறுபடி படித்தே ஆகவேண்டும்.

பெயருக்குப் பதிலாக வரும் 'ஹி', 'இட்', 'திஸ்', 'தோஸ்' போன்ற சொற்கள் யாரை, எதைக் குறிக்கின்றன என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதேபோல 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' போன்ற இணைப்புச் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வது இந்தச் சொற்கள்தான். பிள்ளைகள் சரளமாக வாசித்தபடி இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் பொருள் தலைகீழாகப் புரிவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாம் நாள் அதே பத்தியை அவன் உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியத்தில் சுருக்கட்டும், அவனே இரண்டு கேள்வி தயாரிக்கட்டும். இவற்றை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1984-இல் அன்மாரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இருவர் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம்தான் இதைச் செய்துபார்த்தார்கள். உங்கள் மகனைப் போலவே வாசிக்கத் தெரிந்தும் புரிந்துகொள்வதில் பின்தங்கிய பிள்ளைகள். சுருக்கிச் சொல்வது, கேள்வி தயாரிப்பது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்ற நான்கையும் ஆசிரியர் முதலில் செய்து காட்டி, பிறகு பிள்ளைகள் மாறி மாறி ஆசிரியராக இருந்து செய்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் இந்த உத்திகளின் பலன் சில வாரங்களிலேயே பெருமளவு கிடைத்துவிடும். அதையே வருடக்கணக்காக அரைத்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை. அதற்கு மேல் வேண்டியது வேறு.

அந்த வேறு என்ன?

அறிவு. பத்தி எதைப் பற்றியதோ அதைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்திருப்பது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 7, 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வருணிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், சுமாராக வாசிப்பவர்கள், அந்த ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று நாலு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுமாராக வாசித்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட மிகத் தெளிவாகப் பத்தியை நினைவில் வைத்துச் சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகத் தோன்றும் ஆய்வு இது. காம்ப்ரிஹென்ஷன் என்பது தனியாக எடுத்துப் பயிற்சி செய்து ஏற்றிக்கொள்ளும் ஒரே திறமை என்ற எண்ணத்தையே இது அசைத்துவிடுகிறது.

பயிற்சிப் புத்தகத்தில் இன்று திமிங்கிலம், நாளை ஒரு விஞ்ஞானி, நாளை மறுநாள் எரிமலை. ஒவ்வொன்றும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக அவனுக்குப் பிடித்த ஒரே விஷயத்தில் ஒரு மாதம் இருங்கள். விண்வெளி, பாம்புகள், ரயில் என்ஜின், கால்பந்து, எதுவானாலும் சரி. முதலில் அதைப் பற்றித் தமிழில் படிக்கட்டும், காணொளி பார்க்கட்டும். அப்புறம் எளிய ஆங்கிலத்தில் ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கடினமாக ஒன்று. நாலாவது கட்டுரைக்கு வரும்போது அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை அவனே பார்ப்பான். பாடத்துக்கும் இதே வழிதான். அறிவியல் பாடத்தை ஆங்கிலத்தில் திறப்பதற்கு முன் அதன் சாரத்தைத் தமிழில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்.

புத்தகத்தின் கடினத்தையும் பாருங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு நூலைப் புரிந்து படிக்க அதில் வரும் சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் உள்ளிட்டோர் இரண்டாம் மொழி வாசகர்களை வைத்துச் சொல்லும் அளவு. நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாத சொல் இருக்கலாம். ஒரு பத்தியில் நூறு சொல் எண்ணி, தெரியாததை அவனே அடிக்கோடிடட்டும். இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அது தனியாகப் படிக்க ஏற்றதல்ல; உங்கள் துணையோடு படிக்க வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிக்க இரண்டு மூன்று வகுப்பு கீழான புத்தகம்தான் பொருந்துகிறது என்றால் கூச்சப்படாமல் அதைக் கொடுங்கள். மொழி கற்பவர்களுக்கென்றே படிநிலை வாரியாக எழுதப்பட்ட வாசிப்பு நூல்கள் நூலகங்களில் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் கதை என்ற உணர்வு வராது.

தினம் பத்து வார்த்தை மனப்பாடத்தை நிறுத்திவிடலாம். படித்த பத்தியிலிருந்தே இரண்டு மூன்று சொல் போதும். அதுவும் எல்லாப் பாடத்திலும் தலைகாட்டும் சொல்லாக இருக்கட்டும்: 'கம்பேர்', 'எவிடன்ஸ்', 'ரெட்யூஸ்', 'காஸ்' (காரணம்) மாதிரி. பட்டியலில் பார்த்த சொல் மறந்துபோகும். நாலு இடத்தில் சந்தித்த சொல் நிற்கும்.

கேள்விகளில் நாலு வகை

தேர்வுக்காக இதைச் சொல்லிக்கொடுங்கள். 1980-களில் டாஃபி ரஃபேல் என்ற வாசிப்பு ஆய்வாளர் வகுத்த முறை இது. விடை ஒரே வாக்கியத்தில் அப்படியே இருக்கும் கேள்வி. இரண்டு மூன்று இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டிய கேள்வி. பத்தி சொல்வதோடு நமக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஊகிக்க வேண்டிய கேள்வி. நம் சொந்தக் கருத்தைக் கேட்கும் கேள்வி. பதில் எழுதுவதற்கு முன், எந்த வகை என்று மட்டும் அவன் சொல்லட்டும். முதல் வகைக்குத்தான் வரியை எடுத்து எழுதும் வித்தை செல்லும். மற்ற மூன்றுக்கும் செல்லாது என்று தெரிந்தாலே அந்தப் பழக்கம் தளரும்.

கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகும் உத்தியை ட்யூஷனில் சொல்லித் தருவார்கள். தேர்வில் நேரம் போதாதபோது சரி. வீட்டில் பழகும்போது வேண்டாம். கேள்விக்கான சொல்லைத் தேடும் கண், பத்தியை முழுதாகப் பார்ப்பதில்லை.

தமிழை நிறுத்தலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஒரு மொழியில் சிந்திக்க, காரணம் சொல்ல, கதையைக் கோத்துச் சொல்லக் கற்ற பிள்ளை அந்தத் திறனை இரண்டாவது மொழிக்கும் கொண்டுபோகிறது என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து எழுதிவருகிறார். அதோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார். விளையாட்டிலும் பேச்சிலும் புழங்கும் ஆங்கிலம் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடலாம்; பாடப்புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். வீட்டில் நீங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால் அவனுக்குக் கிடைப்பது முதல் வகையில்தான் கொஞ்சம் கூடும். அதற்கு விலையாக, உங்களோடு நீளமாக, ஆழமாகப் பேசும் ஒரே மொழியை அவன் இழப்பான். ட்யூஷன் ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இதைக் கேட்க வேண்டாம்.

ட்யூஷன், பரிசோதனை, வழி மாற்றம்

ட்யூஷனை நிறுத்தத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் போய்ப் பாருங்கள். பத்தியைப் பற்றிப் பேச்சு நடக்கிறதா, இல்லை விடைகளைப் பலகையில் எழுதிப் போட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறார்களா? இரண்டாவது என்றால் அந்தப் பணமும் நேரமும் வீண்.

டிஸ்லெக்ஸியாவின் முக்கிய அடையாளம் சொற்களைப் பிழையில்லாமல், சரளமாக வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும் சிரமம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாசிப்பு அப்படி இல்லை. அதனால் வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்று கடிதத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கின்றனவா, மனதுக்குள் வாசிக்க மற்றவர்களை விட வெகு நேரம் எடுக்கிறானா, தமிழிலும் பேச்சைப் பின்தொடரத் திணறுகிறானா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் முறையான பரிசோதனை செய்துவிடுங்கள். கற்றல் குறைபாடோ மொழி வளர்ச்சிக் குறைபாடோ இருப்பதாகத் தெரிந்தால் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பல தேர்வு வாரியங்கள் தருகின்றன. பொதுத் தேர்வு நெருங்கியபின் ஓடுவதை விட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பரிசோதிப்பவரிடம் அவன் வீட்டு மொழி தமிழ் என்பதை அவசியம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் மொழி போதாமையைக் குறைபாடாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

தமிழ் வழிக்கு மாற்றுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். தாய்மொழியில் படிப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏழாம் வகுப்பில் மாறினால் அறிவியல், கணிதக் கலைச்சொற்கள் எல்லாவற்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டும். தோற்றுப்போய் மாற்றினார்கள் என்ற எண்ணமும் அவனோடு போகும். தமிழில் கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே தடுமாற்றம் இருந்தால் மாற்றுவதால் பயனும் இல்லை. இந்தக் கல்வியாண்டு முடியட்டும், சோதனை முடிவுகளை வைத்து அவனையும் கேட்டு யோசிக்கலாம்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, திருத்திய விடைத்தாள்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போகிறது என்று அதில் தெரியும். "பையன் சரளமாக வாசிக்கிறான், ஆனால் புரிவதில்லை" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியருக்குச் சொல்வது போல அறிவியல் ஆசிரியருக்கும் சொல்லுங்கள். அவர் பாடத்திலும் இதே தடைதான்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். இந்த முறைக்கு மாறியபின் முதல் பருவத்தில் மதிப்பெண் அசையாமல் இருக்கலாம். மதிப்பெண்ணுக்கு முன்னால் வரும் அடையாளம் வேறு. வாசித்துக்கொண்டே போகிறவன் நடுவில் நின்று, "அம்மா, இந்த இடம் புரியல" என்பான். இதுவரை புரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாமல் இருந்தது, அதனால்தான் நிற்காமல் வாசித்தான். அவன் அப்படி நிற்கும்போது கணவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது. உறவினர் வந்தால் வாசித்துக் காட்டச் சொல்லும் வழக்கம் இருந்தால் அதைச் சில மாதங்கள் விட்டுவிடுங்கள். நிற்காமல் வாசிப்பதுதான் பெருமை என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

எடுத்து வைத்த பயிற்சிப் புத்தகத்தில் செய்யாத பத்திகள் மீதி இருக்குமே, அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். மாதம் ஒன்று, பின்பக்க விடையைக் கிழித்துவிட்டு, அளவு பார்ப்பதற்காக மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் எதை வைத்துச் சொன்னான் என்று அவனே தொட்டுக் காட்டட்டும். மூன்று சோதனைகளையும் முடித்துவிட்டு, எதில் எப்படிப் பதில் சொன்னான் என்று அவன் சொன்ன சொற்களிலேயே குறித்து எனக்கு எழுதுங்கள். என் ஊகம் தவறாக இருந்தால் அதற்கேற்ப அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.